வான்கோழி வேட்டைக்கு இருக்கை வாங்குவதற்கு முன்

அமெரிக்காவில் வசந்தகால வான்கோழி வேட்டை பெரும்பாலும் உட்கார்ந்தே நடக்கும் வேட்டை. மானைப் போல மோப்பம் பிடித்து விலகிப்போகிற உயிரல்ல வான்கோழி. அதன் மூக்கு மந்தம். ஆனால் கண்கள் அபாரமானவை. தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால், கழுத்தைத் திருப்பாமலே தன்னைச் சுற்றியுள்ள வட்டத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கை அது பார்த்துவிடும். நிறங்களை நம்மைவிட நுட்பமாகப் பிரித்தறியும். நமக்குத் தெரியாத புறஊதா ஒளியில் ஒரு பகுதியும் அதற்குத் தெரியும். இப்படிப்பட்ட பறவை 40 கெஜ தூரத்துக்குள் வந்து சேரும்வரை, ஒரு மரத்தடியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அசையாமல் காத்திருக்க வேண்டும்.

அசையாமல் இருப்பதை மனவுறுதி சார்ந்த விஷயமாகப் பலரும் நினைக்கிறார்கள். என் கணிப்பில் அது பெரும்பாலும் இடுப்பும் பிட்டமும் சார்ந்த விஷயம். வேரின் மீது உட்கார்ந்தவர் எவ்வளவு பொறுமைசாலியாக இருந்தாலும் அரை மணி நேரத்தில் புட்டத்தை ஒருமுறையாவது மாற்றி வைப்பார். அந்த ஒரு அசைவு போதும். புதரின் விளிம்பில் நிற்கும் ஆண் பறவை கழுத்தை நீட்டி, "பட்" என்று ஒற்றை ஒலி எழுப்பிவிட்டு நடையைக் கட்டிவிடும். நல்ல இருக்கைக்கு நான் இவ்வளவு முக்கியத்துவம் தருவது அதனால்தான்.

உரிமம், வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி, துப்பாக்கித் தேர்வு ஆகியவை தனிக் கட்டுரைகளுக்கு உரியவை. தமிழ் வாசகர்களுக்காக ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். எச்-1பி போன்ற விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் பொதுவாகத் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. மாநிலச் சட்டங்கள் மாறுபடும் என்பதால், உங்கள் மாநிலத்தில் தெளிவாக விசாரித்துக்கொண்ட பிறகே மற்ற எதற்கும் பணம் செலவிடுங்கள்.

எப்படி வேட்டையாடப் போகிறீர்கள்?

இருக்கை வாங்கும் முன் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. வான்கோழி வேட்டையில் இரண்டு போக்குகள் உண்டு. முதலாவது, நடந்து நடந்து தேடுவது. மலைமுகட்டில் நின்று பெட்டை வான்கோழியைப் போலக் குரலெழுப்பிப் பார்ப்பது, தூரத்தில் சேவல் பதில் கொடுத்தால் அதை நோக்கி விரைந்து போய், அருகிலுள்ள மரத்தடியில் சட்டென்று உட்காருவது. சில சமயம் உட்கார உங்களுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. இரண்டாவது, பறவைகள் வந்துபோகும் வயல் ஓரத்தையோ காட்டுப்பாதையையோ முன்கூட்டியே பார்த்து வைத்து, விடியும் முன்பே போய் உட்கார்ந்து காலை முழுவதும் காத்திருப்பது. இதில் சிலர் மறைவுக்கூடாரம் போட்டுக்கொள்வார்கள்.

நடப்பவருக்கு எடை குறைவாகவும் நொடியில் விரிக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். காத்திருப்பவருக்கு மூன்று, நான்கு மணி நேரம் தாங்கும் இருக்கை வேண்டும். இரண்டுக்கும் ஒரே பொருளை வாங்க முயல்பவர்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் பொருந்தாத ஒன்றை வாங்கிவிடுகிறார்கள்.

காத்திருப்பது சோம்பேறித்தனம் என்று எண்ண வேண்டாம். விடியலில் மரத்திலிருந்து இறங்கும் சேவலைச் சுற்றிப் பெட்டைகள் இருக்கும்; அவை இழுத்த இழுப்புக்கு அது போய்விடும். ஒன்பது, பத்து மணிவாக்கில் பெட்டைகள் முட்டையிடப் போன பிறகு தனியாகிவிட்ட சேவல், காலையில் கேட்ட குரலைத் தேடி வருவது உண்டு. வேட்டைக்காரர்கள் அதிகம் புழங்கும் பொதுக் காடுகளில் அது ஒரு சத்தமும் போடாமல் வந்து நிற்கும். நியூயார்க் மாநிலத்தில் வசந்தகால வேட்டை நண்பகலோடு முடிந்துவிடுகிறது. பென்சில்வேனியாவிலும் பருவத்தின் முதல் பாதியில் அப்படித்தான். ஆகவே எட்டு மணிக்கே கால் வலித்து எழுந்து போகிறவர் அந்த நாளின் நல்ல பாதியைக் கைவிட்டுவிடுகிறார்.

வீட்டுச் சுவரோடு ஒரு சோதனை

கடையில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் எல்லா இருக்கையும் சுகமாகத்தான் இருக்கும். அதனால் வாங்கும் முன் வீட்டில் இதைச் செய்து பாருங்கள்.

வேட்டைக்கு அணியப்போகும் அதே கால்சட்டை, அதே பூட்ஸ். ஒரு மடித்த போர்வையைத் தரையில் போட்டு, சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். இரண்டு முழங்கால்களையும் மேலே மடக்கி, பாதங்களைத் தரையில் ஊன்றுங்கள். வலக்கைக்காரர் என்றால், பறவை வரும் என்று எதிர்பார்க்கும் திசைக்கு நேராக இடது தோளும் இடது முழங்காலும் இருக்குமாறு சற்றே திரும்பிக்கொள்ளுங்கள். இடக்கைக்காரருக்கு இது மாறும். ஒரு துடைப்பக் கட்டையை இடது முழங்காலின் மீது தாங்கலாக வைத்துத் தோளோடு பொருத்திப் பிடியுங்கள். கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் அப்படியே இருங்கள்.

வலி எங்கே முதலில் தொடங்குகிறது என்பதைக் கவனிப்பதுதான் இந்தச் சோதனையின் பயன். பிட்டத்தின் அடியில் இரண்டு புள்ளிகளில் குத்தினால், உட்காரும் எலும்புகளுக்கு மெத்தை போதவில்லை. வால் எலும்பில் வலித்தால், முதுகு வளைந்து இடுப்பு பின்னோக்கிச் சரிகிறது. உங்களுக்கு இன்னும் ஓரிரு அங்குல உயரம் தேவை. கீழ்முதுகு இறுகினால் அங்கே தாங்கல் வேண்டும். ஒரு கால் மட்டும் மரத்துப்போனால், முதலில் பின்பாக்கெட்டில் இருக்கும் பர்ஸை எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். பலருக்குப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

சம்மணமிட்டு உட்கார்ந்து பழகிய நம்மவர்கள், "தரையில் உட்கார எனக்கு என்ன இருக்கை?" என்று கேட்பார்கள். சம்மணத்தில் முழங்கால் தாழ்ந்துவிடும். துப்பாக்கிக்குத் தாங்கல் இராது. மூன்றரைக் கிலோ எடையுள்ள ஷாட்கன்னைக் கையிலேயே ஏந்திக்கொண்டு, பறவை மரத்தின் பின்னாலிருந்து தலையை வெளியே நீட்டும்வரை ஐந்து நிமிடம் காத்திருந்து பார்த்தால் தோள் நடுங்கத் தொடங்கும். இந்த வேட்டையில் சுகம் என்பதை, துப்பாக்கி முழங்காலில் ஊன்றிய நிலையில் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

உயரம்

விளம்பரங்கள் மெத்தையின் கனத்தைப் பேசும், துணியின் தரத்தைப் பேசும். நான் முதலில் கேட்பது உயரத்தை. தரையிலிருந்து இரண்டு அங்குலம் முதல் ஏழெட்டு அங்குலம் வரை இருக்கும் இருக்கையில் முழங்கால் தானாக மார்பளவுக்கு உயரும். துப்பாக்கி அதன்மேல் அமரும். உருவமும் தணிந்து, பின்னாலிருக்கும் மரத்தின் நிழலோடு கலந்துவிடும். ஒரு அடிக்கு மேல் போனால் தொடை கிடைமட்டமாகிவிடும், தாங்கல் போய்விடும், உங்கள் தலையும் அடிமரத்தின் புதர்களுக்கு மேலே தெரியும். மறைவுக்கூடாரத்துக்குள் மட்டும் கணக்கு வேறு. அங்கே சன்னலின் உயரத்துக்கு ஏற்ப 16 முதல் 20 அங்குலம் வரை தேவைப்படும். முக்காலியோ நாற்காலியோ சரிவரும்.

முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள், மிகவும் தாழ்ந்த இருக்கையிலிருந்து எழ முடியாமல் சிரமப்படுவார்கள். அவர்கள் எட்டு, பத்து அங்குல நாற்காலியை எடுத்துக்கொண்டு, துப்பாக்கிக்குத் தனியாக ஒரு கவைக்கோல் வைத்துக்கொள்வது நல்லது.

கடையில் என்னென்ன கிடைக்கும்

எளியது ஃபோம் மெத்தை. இடுப்புவாரில் கொக்கி போட்டு மாட்டிக்கொண்டு நடக்கலாம், விலையும் குறைவு. வாங்கும்போது நீர் புகாத, மூடிய துளைகள் கொண்ட ஃபோமா என்று கேளுங்கள். திறந்த துளை ஃபோம் பனியை உறிஞ்சி, காலை முழுவதும் ஈரத்தில் உட்கார வைத்துவிடும். அறை வெப்பத்தில் பஞ்சுபோல் இருக்கும் மெமரி ஃபோம், ஏப்ரல் மாதக் குளிரில் விறைத்துப்போகும். தடிமனைச் சோதிக்க ஒரு வழி: மெத்தையைத் தரையில் வைத்து அதன்மீது ஒரு முழங்காலால் மண்டியிடுங்கள். முழங்காலுக்குத் தரை தட்டுப்பட்டால் அது காட்டுக்கு உதவாது. மரத்தைச் சுற்றி நகர வேண்டியிருந்தால், மெத்தையோடு சேர்ந்து புட்டத்தால் ஊர்ந்து நகரலாம் என்பது இதன் பெரிய அனுகூலம். எதிர்பாராத பக்கத்திலிருந்து பறவை குரல் கொடுக்கும்போது இதன் அருமை தெரியும்.

அடுத்தது, இருக்கை இணைந்த வெஸ்ட். வான்கோழி வேட்டைக்கென்றே செய்யப்படும் இந்தக் கையில்லாச் சட்டையின் பின்புறத்தில் மெத்தை மடங்கியிருக்கும். உட்காரும்போது கீழே விழுந்து விரியும். நடந்து தேடுபவருக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை என்பேன். இருக்கையை மறந்துவைத்துவிட்டு வர வாய்ப்பே இல்லை. ஆனால் மெத்தையின் மேல்முனை உங்கள் பிட்டத்துக்கு நேராக விழுகிறதா என்று அணிந்து பார்த்தே வாங்க வேண்டும். உயரமானவருக்கு அது இடுப்புக்கு மேலேயே தொங்கும். குட்டையானவருக்குத் தொடையில் அடித்துக்கொண்டு நடையைக் கெடுக்கும். சில வெஸ்ட்டுகளில் பின்னால் உலோகச் சட்டமும் மடக்குக் காலும் இருக்கும். மரம் இல்லாத இடத்திலும் சாய்ந்து உட்காரலாம். அதற்கு விலையாகக் கூடுதல் எடையைச் சுமக்க வேண்டும்.

மூன்றாவது, தாழ்வான மடக்கு நாற்காலி. காத்திருப்பவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். பெரும்பாலும் இரண்டு, மூன்று கிலோ எடை. தோளில் மாட்ட வார் இருக்கும். துணி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். தொய்ந்த துணி சில நாள்களில் இன்னும் தொய்ந்து, முன்பக்கக் குழாய் தொடையின் அடியில் அழுத்தும். அங்கே அழுத்தினால் இரத்த ஓட்டம் குறைந்து பாதம் மரத்துப்போகும். தாங்கும் எடையை விவரச்சீட்டில் பார்க்கும்போது, உங்கள் எடையோடு உடை, பை, துப்பாக்கி எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். கால்களின் அடியில் அகன்ற தட்டு அல்லது வளைந்த குழாய் இருந்தால் ஈரமண்ணில் புதையாது.

மரத்தில் வாரைக் கட்டித் தொங்கவிடும் ஊஞ்சல்வகை இருக்கையும் உண்டு. சரிவான இடங்களில் அது மிக வசதியானது. இருட்டில் கட்டப் பழக வேண்டும் என்பதால் முதல் ஆண்டில் வேண்டாம். காற்றடைத்த மெத்தை எடை குறைவு, மடித்தால் பாக்கெட்டில் அடங்கும்; ஆனால் உடலை அசைக்கும்போதெல்லாம் கிரீச்சிடும், ஒரு முள் குத்தினால் தீர்ந்தது.

சத்தமும் நிறமும்

விடியும் முன், பறவைகள் உறங்கும் மரத்திலிருந்து நூறு, நூற்றைம்பது கெஜத்தில் நீங்கள் நாற்காலியை விரிக்கிறீர்கள். அமைதியான காட்டில் உலோகத்தில் உலோகம் தட்டும் ஒலி எவ்வளவு தூரம் போகும் என்பதை யோசித்துப் பாருங்கள். கடையிலேயே ஐந்தாறு முறை விரித்து மடக்குங்கள். கீல்கள் முனகுகின்றனவா, பூட்டு "டக்" என்று விழுகிறதா, உட்கார்ந்து எடையை மாற்றும்போது துணி சரசரக்கிறதா என்று கேளுங்கள். வெல்க்ரோ வைத்த எதையும் நான் தவிர்த்துவிடுவேன். அதைப் பிரிக்கும் சத்தம் காட்டில் எந்த உயிருக்கும் பழக்கமில்லாதது. காந்தப் பூட்டு அல்லது சாதாரணக் கொக்கி மேல். குழாய்கள் ஒன்றோடொன்று உரசும் இடங்களில் துணி நாடாவைச் சுற்றிவிட்டால் பாதிச் சத்தம் அடங்கிவிடும்.

நிறத்தில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. வசந்தகாலத்தில் சேவலின் தலை சிவப்பு, வெள்ளை, நீலமாக இருக்கும். இந்த மூன்று நிறங்களில் எதுவும் இருக்கையில், அதன் அடிப்பக்கத்தில்கூட, இருக்கக் கூடாது. பறவை பார்த்துவிடும் என்பது சிறிய காரணம். தூரத்தில் மறைந்திருக்கும் இன்னொரு வேட்டைக்காரர் அதைச் சேவலின் தலை என்று எண்ணிச் சுட்டுவிடலாம் என்பதே பெரிய காரணம். நிறுவனத்தின் பெயர் பொறித்த வெள்ளைச் சீட்டு தைத்திருந்தால் வெட்டி எறியுங்கள்.

எந்த மண்ணில் உட்காரப் போகிறீர்கள்

வான்கோழி அலாஸ்காவைத் தவிர எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது; நிலம் மட்டும் வேறு வேறு. பென்சில்வேனியாவின் அப்பலாச்சியன் முகடுகளில் கல்லும் வேரும் மிகுதி, அகன்ற ஓக் மரங்களும் தாராளம். முதுகுக்கு மரம் இருக்கிறது; தடித்த மெத்தை இருந்தால் போதும். புளோரிடாவின் ஓசியோலா வகைப் பறவை சதுப்போரங்களில் திரிவது. அங்கே தரையே ஈரம், நாற்காலியே நல்லது. டெக்சாஸின் ரியோ கிராண்டே வகையைத் தேடிப்போனால் சாய அகன்ற மரம் கிடைப்பது அரிது, சப்பாத்திக்கள்ளியும் மெஸ்கீட் முள்ளும் எங்கும் உண்டு, நெருப்பெறும்புப் புற்றுகளும் உண்டு. முதுகுச் சட்டம் உள்ள, தரையைத் தொடாத இருக்கை இல்லாமல் அங்கே போக வேண்டாம். தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸில் மெரியம் வகைப் பறவைக்காக மைல்கணக்கில் ஏறி இறங்க வேண்டும். ஏப்ரலில் பனிகூடப் பெய்யும். எடை குறைந்த, குளிரை ஏற விடாத ஃபோமைத் தவிர வேறெதையும் அங்கே சுமக்க மாட்டேன்.

மரத்தடியில் உட்காரும் முறை

நல்ல இருக்கையைத் தவறான இடத்தில் போட்டால் பயனில்லை. உங்கள் தோள்களைவிட அகலமான, தலையைவிட உயரமான மரத்தைத் தேர்ந்தெடுங்கள். உருவத்தை மறைப்பதோடு, பின்னாலிருந்து வரக்கூடிய குண்டிலிருந்தும் அது காக்கும். அண்ணாந்து பார்த்து, பட்டுப்போன கிளை தொங்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். அடிமரத்தில் கயிறுபோல் ரோமம் அடர்ந்த கொடி ஏறியிருந்தால் அது பாய்சன் ஐவியாக இருக்கலாம். இலை உதிர்ந்த நிலையிலும் அதன் பால் தோலைக் கொப்புளமாக்கும். அதில் முதுகைச் சாய்க்காதீர்கள். பட்டை உரிந்து தொங்கும் ஷாக்பார்க் ஹிக்கரி மரமும் வேண்டாம். சாயும்போதெல்லாம் முறியும், உறுத்தும்.

சிவப்பு விளக்கை ஒருமுறை அடித்துப் பாம்பு இல்லை என்று பாருங்கள். பிறகு பூட்ஸின் குதிகாலால் சருகுகளை மண் தெரியும்வரை ஒதுக்குங்கள். இருக்கைக்கு மட்டுமல்ல, பாதங்கள் வரும் இடத்துக்கும் சேர்த்து. பின்னால் கால் மாற்றி வைக்கும்போது சருகு பேசாது. கொட்டைகள், கற்கள், சுள்ளிகளைக் கையால் பொறுக்கி எறியுங்கள். இருக்கையின் பின்விளிம்பு மரத்தின் அடியை முட்டும்படி போடுங்கள். நடுவே இடைவெளி விட்டால் நேரம் ஆக ஆக இடுப்பு முன்னுக்கு வழுக்கி, கூன் விழுந்துவிடும். முன்னே சரிவு என்றால் குதிகால்களுக்கு இரண்டு சிறு குழிகள் தோண்டிக்கொள்ளுங்கள். உட்கார்ந்ததும் துப்பாக்கியை முழங்காலில் வைத்து, இடமும் வலமும் எதுவரை திருப்ப முடிகிறது என்று வெளிச்சம் வரும் முன்பே பார்த்துவிடுங்கள்.

வேறொரு வேட்டைக்காரர் உங்களை நோக்கி நடந்து வருவது தெரிந்தால் எழவோ கையசைக்கவோ கூடாது. வான்கோழிக் குரலும் எழுப்பக் கூடாது. உட்கார்ந்த நிலையிலேயே உரத்த, தெளிவான மனிதக் குரலில் கூப்பிடுங்கள். இடம் மாற எழும்போது முதலில் துப்பாக்கியின் குண்டை வெளியே எடுங்கள். கால் மரத்திருக்கிறதா என்று உட்கார்ந்தபடியே பாதத்தை அசைத்துப் பார்த்து, மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுங்கள். மரத்த காலோடு, குண்டு ஏற்றிய துப்பாக்கியோடு தடுமாறுவதைவிட ஆபத்தானது இந்த வேட்டையில் அதிகம் இல்லை. காட்டுக்குள் நடக்கும்போது ஆரஞ்சு நிறத் தொப்பியோ துணியோ வெளியே தெரியட்டும்.

வீடு திரும்பிய பின்

ஏப்ரலும் மே மாதமும் உண்ணிகளின் காலம். கருங்கால் உண்ணி லைம் நோயைப் பரப்பும். சருகில் கிடந்த இருக்கை அதற்கு நல்ல வாகனம். பருவம் தொடங்கும் முன் 0.5 சதவீத பெர்மெத்ரின் தெளிப்பை இருக்கையிலும் வெஸ்ட்டிலும் வெளியில் வைத்து அடித்து, முழுவதும் உலரவிடுங்கள். அதைத் தோலில் படவிடக் கூடாது. ஈரமாக இருக்கும்போது பூனைகளுக்கு நஞ்சு. வேட்டை முடிந்து வந்ததும் இருக்கையைக் காருக்குள் வீசாமல், மடிப்புகளை விரித்து உதறி, தனிப்பையில் வையுங்கள்.

துணியைத் துவைக்க நேர்ந்தால், வெளுப்பூட்டும் ஒளிர்பொருள் கலந்த சோப்புத்தூள் வேண்டாம். அது புறஊதா ஒளியில் மின்னும், வான்கோழியின் கண்ணில் படும். கீல்களுக்கு மணமில்லா எண்ணெய் ஒரு சொட்டு. ஃபோமை மடித்த நிலையிலோ எடைக்கு அடியிலோ வருடம் முழுவதும் வைக்காமல், நிழலில் தட்டையாக வையுங்கள். அடுத்த பருவம் தொடங்கும் முன் மறுபடியும் முழங்காலால் மண்டியிட்டுப் பாருங்கள். தரை தட்டினால் புதிதாக ஒன்று வாங்கும் காலம் வந்துவிட்டது.